மூக்கு ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிய தைரியசாலிக்கு

முனியசாமி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நலமாக வேண்டும் என்றுதான் உன்னை மதுரை வரைக்கும் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தோம். பச்சை அங்கி போட்டுவிட்டார்கள், பெயர் எழுதிய பட்டையைக் கையில் கட்டினார்கள். நான் கீழே மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த அங்கியை மடித்துத் தலையணை மேல் வைத்துவிட்டு நீ போய்விட்டாய். ஓடியதைக்கூட விடு, மடித்து வைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த வீட்டில் ஒரு நாளாவது நீ உன் கைலியை மடித்ததுண்டா? ஓடிப்போகிற அவசரத்தில்தான் உனக்கு இம்புட்டு ஒழுங்கு வந்திருக்கிறது. உன் அப்பாவை வார்டு வாசலில் பெஞ்சு போட்டுக் காவலுக்கு உட்கார வைத்திருந்தேன். நீ அவர் முழங்காலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. மனுசன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டால், "பாத்ரூம் போறாம்னு நெனச்சேன்" என்கிறார். தூங்கிக்கொண்டே எப்படி நினைத்தீர்கள் என்று கேட்டேன். எழுந்து பாத்ரூமில் போய்த் தேடினார்.

உன் போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது. நீ காரியாபட்டியில் மாமனார் வீட்டில் இருப்பதை உன் மாமனாரே தன் மகள் செல்விக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மருமகன் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாராம். கட்டிய பெண்டாட்டியை நாரணாபுரத்தில் எங்களோடு விட்டுவிட்டு, அவளைப் பெற்றவர் வீட்டில் நீ போய்ச் சீராடுகிறாய். இதுவரைக்கும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மருமகளைத்தான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலையில் செல்வி அங்கே வருகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்து விடுகிறேன். நீ படிக்காமல் போட்டுவிட்டால் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன், உன் மாமனாரும் கேட்கிற மாதிரி.

உனக்கு என்ன நோய் என்பதை உனக்கே ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறேன். நீ இப்போது அங்கே உட்கார்ந்துகொண்டு ஏதோ பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவன் மாதிரி கதை சொல்லிக்கொண்டிருப்பாய். மூக்குக்குள்ளே நடுவில் இருக்கிற தண்டு வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் படிக்கும்போது சாத்தூர் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கினாய், உள்ளே இடம் கிடந்தும். முன் வாசலில் ஏறிய பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று தலையை வெளியே நீட்டியதில் ஒரு கம்பம் வந்து உன் மூக்கைப் பார்த்துவிட்டுப் போனது. வெளியே வீக்கம் வடிந்து மூக்கு நேராகிவிட்டது. உள்ளே கோணினது கோணினதுதான். அன்றைக்கு யாரும் உள்ளே பார்க்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இடது பக்கம் சுத்தமாக அடைத்து, வலது பக்கம் பாதி அடைத்து, இத்தனை வருசமாக நீ வாயால்தான் உயிரோடு இருக்கிறாய்.

அதற்கு நீ பார்த்த வைத்தியங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. சட்டைப் பையில் ஒரு சொட்டு மருந்து பாட்டில், தலையணைக்கு அடியில் இன்னொன்று, வண்டிப் பெட்டியில் மூன்றாவது. சொட்டு விட்டால் கொஞ்ச நேரம் திறக்கும், பிறகு முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி விடுவாய். குடிகாரனுக்காவது கடை மூடினால் கொஞ்ச நேரம் தெளியும். மதுரை டாக்டரம்மா அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருசமா இதை ஊத்துறீங்க? வளைஞ்ச தண்டை மருந்து ஊத்தி நிமித்த முடியாது. இது உள்ள இருக்கற சதையையும் சேத்துல்ல வீங்க வச்சிருக்கு" என்று சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய், நான்தான் ஊற்றிவிட்டது மாதிரி. போனில் எவனோ ஒருவன் சொன்னான் என்று மூக்கைக் கட்டை விரலால் தள்ளித் தள்ளி நேராக்கப் பார்த்தாய். உன் மாமனார் இருக்கிறாரே, அவர் நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். தண்டு என்ன, கொழுக்கட்டையா, ஆவியில் வெந்து இளகுவதற்கு? "மூக்குல கத்திய வச்சா மூளைக்கு ஆகாதுங்க" என்று அவர் என்னிடமே சொன்னார். கத்தி வைக்காமலே உங்கள் மருமகனுக்கு மூளை எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். சம்பந்தி ஆயிற்றே என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

டாக்டரம்மா எம்புட்டுப் பொறுமையாகச் சொன்னார். மூக்குக்குள் சின்னக் குழாய் விட்டு, அந்த வளைவை டிவியில் காட்டினார். வெளியே ஒரு கீறல் விழாது, மயக்கம் கொடுத்து உள்பக்கமாகவே தோலை விலக்கி, வளைந்த குருத்தெலும்பைச் சீவி நேராக்கித் திரும்பத் தைத்துவிடுவோம் என்றார். மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்குப் போகலாம், கொஞ்ச நாளைக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, பளு தூக்கக் கூடாது, தூசிப் பக்கம் தலைவைக்கக் கூடாது. "சில நாள் மூக்கு அடைச்ச மாதிரிதான் இருக்கும், வாயாலதான் மூச்சு விடணும்" என்று அவர் சொன்னதும் நீ முகம் வெளுத்துப் போனாய். இத்தனை நாளாக நீ என்ன காதாலா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய்?

இதில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய வேடிக்கை என்னவென்றால், இப்படி முகம் வெளுத்தவன் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் வேலை பார்க்கிறவன். சாக்குச் சாக்காக வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறவன். போர்மேன் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி முதல் ஆளாகத் தேறினவன். ஒரு தீப்பொறி விழுந்தால் அறையே இருக்காது என்று தெரிந்து தினம் உள்ளே போகிறவனுக்கு, ஒரு டாக்டரம்மா கையில் விரல் நீளத்துக்கு ஒரு கத்தியைப் பார்த்ததும் கால் நிற்கவில்லை.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதே, எதைக் கேட்டாலும் தீபாவளி முடியட்டும் என்பது. கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, கண் ஆபரேஷன், கோர்ட்டுக் கேஸ், எல்லாம் தீபாவளி முடியட்டும். சீசன் நேரத்தில் சாகக்கூட நம் ஆட்களுக்கு லீவு கிடையாது. தீபாவளிக்கு மறுநாள் கம்பெனி அடைத்து, நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில்தான் இந்த வட்டாரமே வாழ்ந்து தீர்க்கும். போன வருசம் அந்த நாளில் உனக்குக் கல்யாணம். சரி, நியாயம். அதற்கு முந்தின வருசம் கூட்டாளிகளோடு குற்றாலம் போனாய். அருவியில் தலையைக் கொடுத்தால் மூக்குத் திறக்கும் என்று உனக்கு எந்தக் கூமுட்டை சொன்னான் என்று தெரியவில்லை. இந்த வருசம்தான் கட்டில் கிடைத்தது, நாள் கிடைத்தது. தூசி இல்லாமல் மூக்கு ஆறுவதற்கு உனக்கு வருசத்தில் இந்த நாட்கள்தான் உண்டு. அதில் ஒரு வாரத்தை நீ காரியாபட்டியில் கறி தின்று கழிக்கிறாய்.

நீ கத்திக்குப் பயந்து ஓடினாய் என்றுதான் உன் அப்பா நினைக்கிறார். செல்வியும் அப்படித்தான் நினைக்கிறாள். நான் நினைக்கவில்லை. நான் உன்னைப் பெற்றவள் மட்டுமில்லை, அதே கம்பெனியில் உன் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து திரி வைக்கிறவள். அந்த மழை நாளை நீ மறந்த மாதிரி நடிக்கலாம், என்னிடம் அது நடக்காது.

இப்போது முடிந்த சீசனில்தான், விடிய விடிய மழை பெய்த மறுநாள். முந்தின நாள் மிச்சம் வைத்த கலவை, வைக்கவே கூடாதது, கூரை ஒழுகி ஈரமாகிவிட்டது. அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடாகும், சூடானால் ஒரு நாற்றம் வரும், ஆட்டுக் கொட்டிலில் காலையில் அடிக்குமே, அந்த மூத்திர நாற்றம். இது உன் பரீட்சையில் வந்த கேள்வி, நீ பதில் எழுதி மார்க் வாங்கின விசயம். என் பக்கத்தில் இருந்த பாக்கியம் மூக்கைச் சுளித்தாள். "ஏக்கா, நாத்தம் வருது, எந்திரி" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லாப் பெண்களும் செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். வேலி வரைக்கும் ஓடித் திரும்பிப் பார்த்தால், நீ அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, சாவகாசமாக. நான் திரும்பி ஓடி வந்து உன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பொத்தான் தெறித்தது ஞாபகம் இருக்கும். நாம் வேலியைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் அந்த அறை புகைந்து வெடித்தது. கூரைத் தகரம் பறந்து போய் முள்ளுச் செடியில் கிடந்தது. யாருக்கும் ஒரு காயம் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நீ என்னிடம் மட்டும் கேட்டாய். "என்ன நாத்தம்னும்மா சொல்றாக? எனக்கு ஒண்ணும் தெரியலையே. பாம்பு கீம்பு வந்துருச்சோனு பாத்துக்கிட்டு நின்னேன்." அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, உனக்கு மூச்சு மட்டுமில்லை, வாசமும் போய்விட்டது என்று. அதற்குப் பிறகு எல்லாம் விளங்கியது. ஊசிப்போன சாம்பாரை நீ இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றது, செல்வி தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு உன் முன்னால் நடந்தும் நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டே இருந்தது, எல்லாம். பாவம் அந்தப் பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து அழுதிருக்கிறாள். நீ போடுகிற குறட்டையில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அடுப்படியில் போய்ப் படுக்கிறாள். அது தெரியுமா உனக்கு? தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்.

ஆனால் நம் முதலாளிக்கு வேறு கதை கிடைத்துவிட்டது. தூரத்தில் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்த மனுசன் அவர். ஆயுதபூஜை அன்று எல்லோரையும் நிற்க வைத்து உன் தோளில் துண்டைப் போர்த்தி, "எல்லாரும் தலை தெறிக்க ஓடிட்டாக. இந்தப் பய ஒருத்தன்தான் கடைசி ஆள் வெளிய போற வரைக்கும் அசையாம நின்னான். இவன்தான்யா போர்மேன். திறப்புப் பூஜையில இருந்து கலவை அறை மொத்தமும் இவன் பொறுப்பு" என்றார். கடைசி ஆளே நீதான். உன்னை இழுத்துக்கொண்டு போனவள் மூன்றாம் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நீ என்ன செய்தாய்? தலையைக் குனிந்து, துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூச்சப்படுகிற மாதிரி சிரித்தாய். பாம்பு வந்ததோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன் என்று உன் வாயில் வரவில்லை. ஊர்ப் பயல்கள் உன்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறார்கள். நீயும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறாய். அந்தத் துண்டை நீ துவைக்கவே விடவில்லை என்று செல்வி சொல்கிறாள்.

ஆஸ்பத்திரியில் உன்னை விரட்டியது அந்தத் துண்டுதான். முதல் நாள் டாக்டரம்மாவிடம் நீயே கேட்டாய், "வாசம் வந்துருமா?" அந்தம்மா பொய் சொல்லவில்லை. "மூச்சு நல்லா வரும். வாசம் வரலாம், வராமலும் போகலாம். இம்புட்டு வருசம் அடைஞ்சு கெடந்திருக்கு, நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நீ ஓடினாய். ஆபரேஷன் செய்துகொண்டும் வாசம் வராவிட்டால், வராது என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால், பிறகு போர்மேன் நாற்காலி ஏது? ஆபரேஷனே செய்துகொள்ளாவிட்டால், யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம். இதுதானே உன் கணக்கு? நிற்க வேண்டாத இடத்தில் நின்றாய், அதற்குத் துண்டு கிடைத்தது. ஓட வேண்டாத இடத்தில் ஓடினாய், அதற்கு உன் மாமனார் கறி வாங்கிப் போடுகிறார். உனக்கு வாய்த்த பெரிய மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர்மேன் இல்லாவிட்டால் உனக்கு என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. பேக்கிங் பக்கம் போ. லாரியில் லோடு ஏற்றுகிற கணக்கைப் பார். லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் உன் படிப்புக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. அங்கெல்லாம் மூக்கு இல்லாமலே பிழைக்கலாம். ஆனால் அந்தக் கலவை அறையில் உன் மூக்கு உன்னுடையது மட்டுமில்லை. உன் கையில் அந்த அறையைக் கொடுத்துவிட்டு, போர்மேன் பார்த்துக்கொள்வார் என்று நம்பித் தலையைக் குனிந்து திரி வைக்கப் போகிறவள் பாக்கியம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், புருசன் படுத்த படுக்கை. நாற்றம் முதலில் வருவது கலவை அறையில்தான், எங்கள் அறைக்கு வருவதற்குள் நேரமாகிவிடும். அன்றைக்குக் காற்று எங்கள் பக்கம் அடித்தது, பிழைத்தோம். தினமும் உனக்காகக் காற்று திரும்பி அடிக்குமா?

உன்னை ஏசுவதற்கு என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது, தாள்தான் தீர்ந்துகொண்டு வருகிறது. ஆகவே காரியத்தைச் சொல்கிறேன். டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு மறுபடி ஒரு நாள் வாங்கியிருக்கிறேன், வருகிற புதன்கிழமை. "திரும்ப ஓடிர மாட்டாரே?" என்று கேட்டார் அந்தம்மா. வார்டு வாசலில் இந்தத் தடவை நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். புதன்கிழமை காலையில் நான் நேராகத் திருமங்கலம் வழி போகாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் பிடித்து, காரியாபட்டி வழியாக வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். நான் இறங்கமாட்டேன். உன் மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்று கெஞ்சவும் மாட்டேன். நீ ஏறினால் மதுரை போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். உன் அப்பாவை இந்தத் தடவை கூட்டி வரவில்லை. அவர் தூங்குவதற்கு வீடே போதும்.

நீ ஏறாவிட்டால் மதுரை போய் அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். திறப்புப் பூஜை அன்று எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் அந்தப் பாம்புக் கதையைச் சொல்வேன். அவர் நம்பமாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். பெற்ற தாயே மகனைக் குறை சொல்கிறாளே என்று சிரித்துவிட்டு, உன் நெற்றியில் சந்தனத்தை வைத்து அந்த அறைச் சாவியைக் கொடுத்துவிடுவார். பணக்காரர்களுக்குத் தாங்கள் சொன்ன கதையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. அப்படிக் கொடுத்தால் நீ உள்ளே போய்க் கலக்கு. நான் வேலையை விடமாட்டேன், அறையையும் மாற்றிக் கேட்கமாட்டேன். எப்போதும் போல உனக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பார். அந்த மழை நாளுக்குப் பிறகு என் முட்டி வலி அதிகமாகிவிட்டது, படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை நாற்றம் வந்தால் பாக்கியம் ஓடுவாள், மற்றவர்கள் ஓடுவார்கள், நீ பாம்பைத் தேடிக்கொண்டு நிற்பாய். அன்றைக்கும் நான் உன் சட்டையைப் பிடிக்கத் திரும்பி வருவேன். அதை என்னால் நிறுத்திக்கொள்ள முடியாது, நீ எவ்வளவு உருப்படாதவனாக இருந்தாலும். வந்து சேர்வேனா என்பதுதான் தெரியவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பேன். முதலாளி போட்டுவிட்ட துண்டைத்தான் எடுத்து வருகிறேன், துவைத்துவிட்டேன்.

உன் அம்மா